மோட்டாரைத் தூக்க வேண்டும் என்றேன்

போன வருடம் மாசி மாதக் கடைசியில், விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நடந்தது இது. திண்டிவனத்தில் உள்ள ஒரு சிறிய சோலார் பம்ப் நிறுவனத்தில் நான் வேலை பார்க்கிறேன். படித்தது எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ. நிலத்தில் பேனல் மாட்டும் வேலையை வேறொரு குழு முடித்துவிடும். அதன் பிறகு போய் ட்ரைவைப் பொருத்தி, மோட்டாரை ஓட்டிக் காட்டிவிட்டு வருவது என் பொறுப்பு. ட்ரைவ் என்பது சுவரில் மாட்டும் ஒரு பெட்டி. பேனலில் இருந்து வரும் மின்சாரத்தை மாற்றி மோட்டாருக்குக் கொடுக்கும். வெயில் ஏறினால் மோட்டாரின் வேகத்தைக் கூட்டும், மேகம் மறைத்தால் குறைக்கும்.

அந்த நிலம் ஓர் அக்காவுடையது. கணவர் வெளியூரில் லாரி ஓட்டுகிறார். ஒட்டிய நிலம் கொழுந்தனாருடையது. இரண்டு நிலத்துக்கும் ஒரே போர்க்கிணறு, ஒரே மோட்டார். நெல் கதிர் வாங்கும் சமயம். பழைய ஸ்டார்ட்டர் எரிந்து போயிருந்தது. எப்படியும் சோலார் வரப்போகிறதே என்று அதைச் சரி செய்யாமல் விட்டிருந்தார்கள். மேல்நிலத்துக்காரரிடம் கேட்டு ஒரு தடவை பாய்ச்சியாயிற்று. மறுபடி கேட்க முடியாது. வயலில் வெடிப்பு விடத் தொடங்கியிருந்தது. அன்றைக்குத் தண்ணீர் வந்தாக வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதலில் செய்வது படம் எடுப்பது. மின்சார மீட்டர், மோட்டார் கொட்டகை, பழைய ஒயரிங், பேனல், எர்த் கம்பி என்று வரிசை உண்டு. ரிப்போர்ட்டோடு அனுப்ப வேண்டும். அன்றும் அப்படியே எடுத்தேன். யாரிடமும் எதற்கென்று சொல்லவில்லை.

பிறகு ட்ரைவை மாட்டி, மோட்டார் கேபிளை இணைத்து, மோட்டாரின் விவரங்களை அதில் பதிந்து ஓட்டினேன். ஒரு முனகல். உடனே நின்றுவிட்டது. திரையில் கரண்ட் அதிகம் என்று காட்டியது. மெதுவாக வேகம் எடுக்கும்படி மாற்றிப் பார்த்தேன். மறுபடியும் அதே. மோட்டார் கேபிளைக் கழற்றிவிட்டு ட்ரைவை மட்டும் ஓட்டினேன், குறையில்லாமல் ஓடியது. அப்படியானால் கோளாறு கேபிளில் அல்லது மோட்டாரில். என் கை மீட்டரை வைத்து அளந்தேன். மூன்று ஒயருக்கும் இடையே ஒரே அளவு. எர்த்துக்கும் கசிவு இல்லை. அதாவது கோளாறே இல்லை. ஆனால் மாட்டினால் ஓடவில்லை.

கொழுந்தனார் கொட்டகை வாசலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா மேடம், மோட்டார் ஓடலன்னாலும் போட்டோ நல்லா வந்துக்குதா?” என்றார்.

அதை வெறும் கிண்டல் என்றே எடுத்துக்கொண்டேன். கேபிள் போகும் வழியில் வேறு ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒன்றுமில்லை, நேராக போருக்குப் போகிறது என்றார். அந்த அக்காவும் அங்கேதான் இருந்தார்.

என்னிடம் மிச்சமிருந்தது ஒரே முடிவுதான். போருக்குள் இருக்கும் மோட்டாரில் வெளியே தெரியாத பழுது இருக்க வேண்டும். மோட்டாரைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்றேன். தூக்கும் வண்டிக்காரருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். அறுவடைக்கு முந்திய நேரம், எல்லா இடத்திலும் வேலை, குறைந்தது ஒரு வாரம் ஆகும் என்றார் அவர். நான் பையைக் கட்டத் தொடங்கினேன்.

அந்த அக்கா வயலை ஒருமுறை பார்த்தார். பிறகு கொழுந்தனாரிடம் திரும்பினார்.

“தம்பி, அந்தக் குடத்தத் தூக்கிக் காட்டு.”

“அண்ணி, சும்மா இரு. போட்டோ புடிச்சிக்கினு போய் கரண்ட் ஆபீஸ்ல குடுத்துட்டா லைனப் புடுங்கிடுவாங்க. அப்பறம் இன்னா பண்ணுவ?”

“லைனு போனா போவட்டும். கதிரு பதராப் போனப்பறம் லைன வச்சிக்கினு எத்தப் பாய்ச்சறது?”

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “நீ எந்த ஆபீஸுனு எனக்குத் தெரியாதும்மா. காலையிலருந்து வெயில்ல நின்னுக்கினு கீற. பொய் சொல்லி உன்ன அனுப்ப எனக்கு மனசு வரல.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. மீட்டரையும் ஒயரிங்கையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்த என்னை, அவர்கள் பம்ப் மாட்டும் சாக்கில் சோதனைக்கும் வந்தவள் என்று நினைத்திருக்கிறார்கள். நான் கரண்ட் ஆபீஸ் ஆள் இல்லை என்று சொல்லி, போனைக் கொழுந்தனார் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு படமும் எதற்கு என்று சொன்னேன். அவர் கடைசிப் படம் வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

போருக்குப் பக்கத்தில், வரப்போரம் ஒரு பிளாஸ்டிக் குடம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. காலையில் நானும் அதைத் தாண்டித்தான் போனேன். குடத்துக்கு அடியில், கேபிளில் பிரித்துச் சேர்த்த இணைப்பும், அதில் இரண்டு ஒயருக்கு நடுவே, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் டப்பா போன்ற ஒரு கண்டென்சரும் இருந்தன.

எங்கள் பக்கத்து விவசாயிகள் பலருக்கும் தெரிந்த வேலைதான் இது. மூன்று பேஸ் மின்சாரமும் முழுதாக வராத நேரங்களில், இருக்கும் இரண்டு பேஸில் மோட்டாரை ஓட்ட ஒரு கண்டென்சரைச் சேர்த்துவிடுவார்கள். அப்படிச் செய்யக் கூடாது என்பதால் மறைத்து வைப்பார்கள். சாதாரண லைனில் அதை வைத்து ஓட்டிவிடலாம். ட்ரைவில் நடக்காது. ட்ரைவ் மின்சாரத்தைப் பொடிப் பொடியாக நறுக்கித்தான் அனுப்பும். கண்டென்சர் ஒவ்வொரு துண்டிலும் கரண்டை அள்ளி இழுக்கும். எங்கோ ஷார்ட் ஆகிவிட்டது என்று எண்ணி ட்ரைவ் நின்றுவிடும். ஒயரின் தடையை மட்டும் அளக்கும் என் மீட்டரில் அது தெரியவே தெரியாது. இத்தனை நாள் பயிரைக் காப்பாற்றிய சாமான்தான் இன்று தடுக்கிறது என்று அவர்களுக்கும் தோன்ற வழியில்லை.

கொழுந்தனார் உடனே குனிந்து அதைப் பிடுங்கப் போனார். நான் சத்தம் போட்டு நிறுத்தினேன். ட்ரைவை அணைத்த பிறகும் அதற்குள் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். கண்டென்சரிலும் இருக்கலாம். பேனல் பக்கத்து சுவிட்சை இறக்கி, ட்ரைவின் விளக்கு முழுவதும் அணையும் வரை காத்திருந்து, மீட்டரில் பார்த்துவிட்டு, கண்டென்சரில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய அதன் இரு முனைகளிலும் ஒரு பல்பின் ஒயர்களைத் தொட வைத்தேன். பிறகுதான் கழற்றினேன். கேபிளை நேராகச் சேர்த்து, டேப் சுற்றி, மறுபடி ஓட்டினோம்.

இந்த முறை முனகல் மெல்ல மெல்ல ஏறிச் சீரான சத்தமாக மாறியது. குழாயில் முதலில் காற்று, பிறகு செம்மண் கலங்கல், பிறகு தெளிந்த தண்ணீர். அந்த அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கிவிட்டார்.

கொழுந்தனார் கண்டென்சரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எத்தினி வருஷமா இதுதான் எங்கள காப்பாத்திக்கினு இருந்துச்சி. இன்னிக்கி வில்லனாப் பூடுச்சே மேடம்” என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

ரிப்போர்ட்டில், மோட்டார் கேபிளில் இருந்த கண்டென்சர் அகற்றப்பட்டது என்றே எழுதினேன். அது எங்கள் நிறுவனக் கோப்பைத் தாண்டிப் போகாது என்பதை அவரிடம் சொல்லிவிட்டே எழுதினேன்.

அதன் பிறகு எந்த நிலத்துக்குப் போனாலும் என் வரிசையில் படம் எடுப்பது முதலில் வருவதில்லை. நான் யார், எங்கிருந்து வருகிறேன், எதற்குப் படம் எடுக்கிறேன், அது யாரிடம் போகும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மின் இணைப்பே போனாலும் போகட்டும் என்று அந்த அக்கா ஓர் அந்நியப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னார். அவ்வளவு பெரிய துணிச்சலைக் காட்டினால்தான் தண்ணீர் கிடைக்கும் என்ற நிலையில் இனி எவரையும் நான் நிறுத்தக் கூடாது என்று, ஒவ்வொரு நிலத்திலும் கால் வைக்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.