நாலாம் தட்டு நாற்று

பொன்னையாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று எங்கள் ஊர் காஜா பெராங்கில் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே பொய்யோடு பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியவர் அவர். அதைத் தட்டச்சு செய்து கொடுத்தவள் நான்.

நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், கிடைத்த வருஷம். நெல் விதை சோதிக்கும் ஒரு கொட்டகையில் அவர் கூலியாள், நான் டைப்பிஸ்ட். தகரத் தட்டுகளில் மண் நிரப்பி, ரகத்துக்கு ஒரு தட்டாக விதைத்து, பத்தாம் நாள் நாற்றின் உயரத்தை அளக்க வேண்டும். ஒரே மண், ஒரே ஆழம், ஒரே அளவு தண்ணீர், ஒரே வெயில். இதில் எது மாறினாலும் சோதனை வீண் என்பார் பொன்னையா. விதை பழசா புதுசா என்பதைப் பல்லில் கடித்தே சொல்லிவிடுவார்.

அந்த முறை நாலாம் தட்டைக் குருவிகள் கொத்தின. கோணிச்சாக்கைப் போட்டு மூடினார். அன்றைக்கே காய்ச்சலில் படுத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால் சாக்கு ஓரமாகக் கிடக்கிறது, நாலாம் தட்டு மற்றதையெல்லாம்விட இரண்டு விரல் உயரம். வெளுத்துப்போய், நூல் மாதிரி. இருட்டில் வெளிச்சத்தைத் தேடி நீண்ட உயரம் அது, வீரியம் இல்லை. அதிகாரி கலியாணசுந்தரம் சாக்கை எடுத்துப் போட்டுவிட்டு உயரத்தை மட்டும் அளந்திருக்கிறார். நிறத்தை எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாது. 'ஆகச் சிறந்த ரகம்' என்று அவர் எழுதித் தர, நானும் அடித்து அனுப்பிவிட்டேன்.

பொன்னையா அவர் மேசை முன்னால் போய் நின்றார்.

"சார், அந்தத் தட்ட நான் சாக்குப் போட்டு மூடிட்டேன். மறுபடி வெதைச்சுப் பாக்கணும்."

"ரிப்போட்டு மேல போயாச்சு பொன்னையா. இப்பத் தப்புன்னு சொன்னா உன் பேருதான் வரும். குடியுரிமைக்கு நன்னடத்தைக் கடுதாசி கேட்டிருக்கல்ல? அத யோசிச்சுக்க."

ஆறு வயதில் கப்பலேறி வந்தவர். கப்பல் புறப்பட்ட கரையில் அவருக்குத் தெரிந்த ஒரு முகம்கூட இல்லை. அந்தக் கடிதம் இல்லாவிட்டால் இந்த ஊரும் இல்லை. வாயை மூடிக்கொண்டு திரும்பினார். மதியமே கடிதத்தையும் நான்தான் அடித்தேன். நானாவது பேசியிருக்கலாம். எனக்கும் வேலை வேண்டியிருந்தது.

அந்த விதையை ஊருக்குக் கொடுத்தார்கள். சாரதாம்பாள் இரண்டு கந்தாங் விதை அளந்து வாங்கினார். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட சிட்டி வம்சத்துத் தமிழ் அம்மா, வீட்டில் பேசுவதெல்லாம் மலாய்தான். பொன்னையா குடியிருந்தது அவர் வீட்டுப் பின்னறையில். நல்ல விதையா என்று அவர் கேட்டதற்கு, "நல்லதுன்னுதான் எழுதியிருக்கு, மாச்சிக்" என்று மலாயில் சொல்லி நழுவியிருக்கிறார்.

முளைத்த நாற்று உயரவே இல்லை. இரண்டாம் வாரம் மழை பிடித்தது. பழைய விதையையே போட்ட பக்கத்துக்காரர்களின் நாற்று தண்ணீருக்கு மேலே தலைகாட்டியது, இவருடையது மூழ்கி அழுகியது. அந்த வருஷம் அவர் வீட்டுக்குச் சொந்த அரிசி இல்லை.

சாரதாம்பாள் பின்னறை வாசலில் வந்து உட்கார்ந்தார். "அப்பா சாலா சாயா, பொன்னையா?" என்று கேட்டார். நான் என்ன தப்புச் செய்தேன் என்று. எப்படி ஊறவைத்தேன், எப்படி முளைகட்டினேன், எவ்வளவு மண் தூவினேன் என்று ஒவ்வொன்றாக ஒப்பித்தார்.

பொன்னையாவும் பதில் சொன்னார். கொஞ்சம் அதிகமாக ஊறியிருக்கும், ஆழமாக விழுந்திருக்கும், தண்ணீரை வடித்திருக்க வேண்டும் என்று தெரிந்ததையெல்லாம் சொன்னார். ஒன்றைத் தவிர. மறுநாள் கொட்டகையில் இதை என்னிடம் சொல்லும்போது அழுதார். எனக்குக் கோபம்தான் வந்தது.

"போய் உண்மையச் சொல்லுங்கண்ணே."

"சொன்னா வெளிய தெரியும் பிள்ளே. கடுதாசி போயிரும்."

அடுத்த போகத்துக்கு அந்த அம்மா விதைக்கூடையைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். தன் கை ஆகாத கை, இனிமேல் நீதான் விதைக்க வேண்டும் என்றார். வாங்கிக்கொண்டார், வேறென்ன செய்வார்.

குடியுரிமை கிடைத்தது. சிங்கப்பூரில் நல்ல வேலை கூப்பிட்டது, போகவில்லை. ஆயர் குரோவில் மனை கிடைத்தது, அதற்கும் போகவில்லை. போனால் யார் விதைப்பது என்பார். வருஷத்துக்கு ஒரு போகமாகப் பதினாறு போகம் விதைத்தார். ஒவ்வொரு போகமும் சாரதாம்பாள் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வரப்பிலேயே நிற்பார். விதையைத் தொட்டால் விளையாமல் போய்விடும் என்று சாகிற வரைக்கும் அவருக்குப் பயம்.