தையல் அறையில் கரண்டக்கா

கரண்டக்கா கூடத்துச் சுவரில் கன்னத்தை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வலது கை சுவரைத் தடவியபடி மெல்ல மேலே ஏறியது. "இங்க ஒண்ணுமில்ல, சுகமா தூங்குது" என்று சுவரைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த சுவருக்கு நகர்ந்தாள்.

தையல்காரரின் மனைவி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டைப் புதுப்பிக்கிறோம், பழைய ஒயரையெல்லாம் மாற்ற வேண்டும் என்று ஆள் தேடியபோது தெருவே சேர்ந்து சொன்ன பெயர் இது. வந்தவளோ ஏணியையும் சுத்தியலையும் வாசலில் போட்டுவிட்டு, விளக்கு, மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் ஓடவிடச் சொன்னாள். அப்புறம் இந்தச் சுவர் வைத்தியம். பெயிண்ட் அடிக்க வந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் தூரிகையோடு வெளியே போய்விட்டார்.

"சிரிக்கட்டும் தங்கச்சி. புள்ளைக்குக் காய்ச்சலான்னு தொட்டுப் பாக்கமாட்டோம்? ஒயரும் அப்படித்தான். எங்க தாங்க முடியலையோ அங்க சுடும். சுடற எடத்த விட்டுட்டு சுவரை வெட்டி என்ன பிரயோஜனம்?"

ஐம்பதைத் தாண்டிய உடம்பு. முழுக்கைச் சட்டை, தேய்ந்த ரப்பர் செருப்பு, காதில் செருகிய டெஸ்டர். அடக்கம் அவளுக்குக் கொஞ்சமும் ஒத்துவராது. "நான் கை வெச்ச வீட்டுல பல்பு கூட மரியாதையா எரியும்" என்பாள். அவளுக்கு முன்னால் வேலை பார்த்துவிட்டுப் போனவர்கள் அத்தனை பேரையும் ஒரே பெயரால்தான் குறிப்பிடுவாள். சுவிட்சுப் பெட்டியைத் திறந்து உள்ளே ஒரு தப்பைக் கண்டுவிட்டால், "எந்தப் புண்ணியவான் பண்ணின வேலை இது?" என்று வீடே அதிரும். ஆனால் ஒயரைத் தொடும் நேரத்தில் அந்த வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும். இடது கை முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஒரு கையிலிருந்து மறு கைக்குக் கரண்ட் நெஞ்சு வழியாகப் போக இடம் கொடுக்கக் கூடாதாம்.

கடைசியாக ஜன்னல் இல்லாத உள்ளறைக்கு வந்தாள். தையல்காரரின் மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இங்க ஒரு பல்பு போதுங்கா. சாமான் போட்டு வைக்கப்போறோம்."

"மெஷின்?"

"வித்தாச்சு. நாளைக்கு வந்து எடுத்துக்குவாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவருக்குக் கண்ணு போயிட்டு வருது. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த தையல்காரர் காதில் அது விழாமல் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்துவரும் மனிதர். துணியைத் தொட்டாலே முகம் மலரும். இந்த வருஷம் அந்த முகத்தைக் காணோம். டாக்டரிடம் வாருங்கள் என்றால், போனால் உறுதியாகிவிடும் என்று மறுத்தார்.

"எப்பண்ணே இருட்டுது?" என்று கேட்டாள் கரண்டக்கா.

"தைக்கறப்பத்தான். கொஞ்ச நேரம் மங்கும், அப்புறம் தானா தெளியும். கறுப்புத் துணின்னா சுத்தமா தெரியாது."

"தெருவுல நடக்கறப்ப?"

"தெருவுல ஒண்ணுமில்ல."

கரண்டக்கா அவரைப் பார்த்தாள். தலைக்கு மேல் தொங்கிய குண்டு பல்பைப் பார்த்தாள். துணியின் நிறம் அதில்தான் சரியாகத் தெரியும் என்று அவர் விடாப்பிடியாக வைத்திருந்த பழைய பல்பு. பிறகு மேசையில் இருந்த இஸ்திரிப்பெட்டியைப் பார்த்தாள்.

"அதைப் போட்டுக்கிட்டேதான் தைப்பீங்களா?"

"மடிப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சுத்தானே தைக்கணும்?"

"எந்திரிங்க. தங்கச்சி, நீ உக்காரு. கறுப்புத் துணியைக் கையில எடு."

கரண்டக்கா சுவிட்சைப் போட, இஸ்திரிப்பெட்டி சூடேறத் தொடங்கியது. தையல்காரரின் மனைவி துணியை உற்றுப் பார்த்தாள். தையல் மங்கியது. கண்ணைக் கசக்கினாள். இன்னும் மங்கலாகத்தான் இருந்தது. சற்றுப் பொறுத்து இஸ்திரிப்பெட்டி சூடேறித் தானாக அணையவும் எல்லாம் பளிச்சென்று தெளிந்தது.

"ஐயோ, எனக்கும் இருட்டுதே!" என்று அவள் கத்தினாள்.

இத்தனை மாதமும் அந்த அறையை அவள் எட்டிப் பார்த்ததோடு சரி. அவரோடு ஒரு நாள், ஒரே ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள். கரண்டக்காவோ அதற்குள் சுவரில் கன்னத்தை வைத்து, சுட்டுக்கொண்டவள் போல விலகியிருந்தாள். மெயினை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் அந்த இடத்தைக் கொத்தினாள். உள்ளே இரண்டு ஒயர்கள் வெறுமனே முறுக்கிவிடப்பட்டு, கருகிப்போய்க் கிடந்தன. தொட்டதும் உதிர்ந்தன.

"இஸ்திரிப்பெட்டி கரண்ட இழுக்கறப்ப பல்புக்குப் போய்ச் சேரல. உங்க கண்ணு இல்லண்ணே, இதுதான் போயிட்டு வந்திருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வீடே எரிஞ்சிருக்கும்." இந்த முறை புண்ணியவானை அவள் திட்டவில்லை. "எதுக்கும் ஒரு நடை டாக்டர்கிட்டயும் காட்டிருங்க. நான் ஒயருக்குத்தான் வைத்தியம் பாப்பேன்."

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் வேலை முடிந்தது. இஸ்திரிப்பெட்டிக்குத் தனி லைன், தைக்கும் கையின் நிழல் துணியில் விழாதபடி இடப்பக்கம் ஒரு புது விளக்கு. சேதி கேட்டுப் பெயிண்டர் வந்து நின்றார். பக்கத்து வீட்டார் வந்தார்கள். இயந்திரத்தை எடுத்துப்போக வந்தவரும் வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

தையல்காரர் இஸ்திரிப்பெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். கறுப்பு நூல் ஊசிக்குள் முதல் தடவையிலேயே புகுந்தது. கறுப்புத் துணியில் ஒரு நீளத் தையல் ஓட்டினார். வெளிச்சம் அசையவில்லை, தையல் கோணவில்லை. துணியை முகத்தருகே கொண்டுபோனவர் அப்படியே குனிந்துவிட்டார். முதுகு குலுங்கத் தொடங்கியது. அறை வாசலில் நின்றவர்கள் நன்றாகப் பார்க்க இன்னும் ஓரடி முன்னால் வந்தார்கள்.

"கொஞ்சம் நகருங்க, ஒரு டெஸ்ட் பாக்கி இருக்கு" என்றாள் கரண்டக்கா.

நடையிலிருந்த மெயினைக் கீழே இழுத்தாள். வீடு முழுக்க இருண்டது. டெஸ்டர் காதிலேயே இருந்தது. சுவிட்சுப் பெட்டியைக்கூட அவள் திறக்கவில்லை. மெயின் பிடியில் வைத்த கையை எடுக்காமல், உள்ளேயிருந்து தையல்காரர் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.