அறுபதாம் படியும் மூன்று இங்கிலீஷ் சொற்களும்

பால் ஊற்ற வருகிற அம்மாள் என்னையும் சாமி என்கிறாள், தொட்டிலில் கிடக்கும் என் மகனையும் சாமி என்கிறாள். நாமக்கல்லுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. இங்கே ஒருவரை ஒருவர் வாய்விட்டு ஏசி நான் கேட்டதில்லை. தாமிரபரணிக் கரையில் இருக்கிற உங்களுக்கு இதை நம்புவது கஷ்டம். நம் தெருவில் ஒருவன், "ஏல, ஒன்ன வகுந்துருவேன்" என்று கத்துவான். சாயங்காலமே அவன் பொட்டலத்திலிருந்து ஏச்சு வாங்கியவன் வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொள்வான். எல்லாம் சத்தத்தோடு சரி. இங்கே அந்தச் சத்தமே கிடையாது. அதுதான் பயப்பட வேண்டிய விஷயம் என்பது கோர்ட்டில்தான் எனக்குத் தெரிந்தது.

நான் கோர்ட்டில் மொழிபெயர்ப்புக் குமாஸ்தா. சாட்சி தமிழில் சொல்வதை மாஜிஸ்திரேட் துரைக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். துரை கப்பலில் வந்தார், நான் ரயிலில் வந்தேன். மற்றபடி இருவரும் இந்த ஊருக்கு அந்நியர்கள்தான். பயம் சம்பந்தமாக ஏதாவது பேச்சு வந்தால் போதும், மனுஷன் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். "ஃப்ரைட்டனா, த்ரெட்டனா, இன்டிமிடேட்டா? சரியாகச் சொல், குமாஸ்தா." ஃப்ரைட்டன் என்றால் எதிராளி பயந்தால் போதுமாம், இருட்டில் நிற்கும் எருமைகூட அதைச் செய்யும், அது குற்றமாகாது. த்ரெட்டன் என்றால் தீங்கு செய்வேன் என்று சொல்ல வேண்டும். கேட்டவன் சிரித்தாலும் அது த்ரெட்டன்தான். இந்தக் கணக்கில் நம் தெரு முழுவதையும் ஜெயிலில் போடலாம். இன்டிமிடேட் என்பது பயத்தைக் காட்டியே ஒருவனை நமக்கு வேண்டிய காரியத்தைச் செய்ய வைப்பது. பிடிபட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து குப்பண்ணன் என்ற விவசாயி ஒரு வழக்கோடு வந்தார். பக்கத்து நிலத்துக்காரர் செங்கோடன் தன்னை மிரட்டிவிட்டார் என்பது புகார். பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை, காய்ச்சல் வேறு. பார்த்தாலே தெரிந்தது, ஆள் பாதியாகியிருந்தார். என்ன சொல்லி மிரட்டினாய் என்று துரை கேட்டதற்குச் செங்கோடன் கை கட்டிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"எல்லைக் கல்லு ஒரு மொழம் எங்க நெலத்துக்குள்ள வந்திருந்துச்சுங்க. 'ஏனுங்ண்ணா, வெள்ளிக்கிழமை அறுபதாம் படிக்கு வாங்க. கல்ல நகத்துலீன்னு கற்பூரத்த அணைச்சுட்டுப் போயிருங்க'ன்னு சொன்னனுங்க. அவ்வளவுதானுங்க."

மொழிபெயர்த்தேன். துரை என்னையே பார்த்தார். "கோயிலுக்கு வா என்று கூப்பிட்டிருக்கிறான். அந்தப் படியில் புலி ஏதாவது இருக்கிறதா?"

புலி இல்லை. திருச்செங்கோட்டு மலையேறும் வழியில் அறுபதாவது படி சத்தியம் செய்கிற படி. அங்கே பொய் சொல்லிக் கற்பூரத்தை அணைத்தவன் குடும்பம் விளங்காது என்பது இந்தச் சீமை முழுக்க நம்பிக்கை. இதை நான் விளக்கியதும் துரை குப்பண்ணன் பக்கம் திரும்பி, உண்மையைச் சொன்னால் அந்தப் படியில் என்ன ஆகும் என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆவாதுங்க."

"பிறகு உனக்கென்ன பயம்?"

குப்பண்ணன் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

துரை பேனாவை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். எந்தச் சொல்? செங்கோடனுக்கு நிலக்கடலை பிடுங்குகிற பருவம். ஆள் உள்ளே போனால் காய் மண்ணிலேயே முளைத்துப்போகும். பயத்தைக் காட்டிக் கல்லை நகர்த்த வைப்பதுதான் அவர் எண்ணம் என்பது எனக்குத் தெள்ளத் தெளிவாகத் தெரியும். ஆனாலும், "ஃப்ரைட்டன், சார். வெறும் ஃப்ரைட்டன்" என்றேன். வழக்கு தள்ளுபடியானது. "நீங்க நல்லா இருக்கோணும் சாமி" என்று செங்கோடன் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுவாரம் எல்லைக் கல் பழைய இடத்துக்கே போய்விட்ட சேதி வந்தது. துரை தேநீர்க் கோப்பையோடு என் மேஜைக்கு வந்தார். "பயத்தைக் காட்டி ஒருவனைக் காரியம் செய்ய வைப்பதற்கு என்ன சொல், குமாஸ்தா?" நான் மேஜைமேல் கிடந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தேன். "நீ சொன்னதுதான் சரியான சொல் என்று அந்தப் படியில் நின்று சொல்வாயா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருக்கு வேடிக்கை. என் முழங்கை பட்டு மைக்கூடு கவிழ்ந்தது. நான் நெல்லைக்காரன், என் குலதெய்வம் இருக்கும் இடம் இங்கிருந்து ஒரு பகல் ரயில் தூரம். இந்த ஊர்ப் படி என்னை என்ன செய்யும் என்று எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பயம் போகவில்லை.

போன மாதம் மகனுக்கு முடியிறக்கத் திருச்செங்கோட்டு மலை ஏறினோம். ஊரில் குலதெய்வத்துக்கு இறக்க வேண்டிய முடி, லீவு கிடைக்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படிகளை வாய்க்குள் எண்ணியபடி ஏறினேன். ஐம்பத்தொன்பதில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை எட்டி அறுபத்தொன்றில் வைத்தேன். மற்ற கால் கீழேயே இருந்தது.

பின்னால் வந்த என் மனைவி, "என்ன, படியத் தாண்டிப் போறிய?" என்றாள்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன், இந்த ஊர்க்காரனைப் போல, கட்டின பெண்டாட்டியிடம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக, பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன்.