ரயில் பார்க்கப் போகும்போது காதில் வைத்த பஞ்சு

எங்கள் மில் கதவை இழுத்துச் சாத்தியபோது என் மகளுக்கு ஒன்றரை வயது. எண்பதுகளின் தொடக்கம் அது. என் மனைவி கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில், ஆயா வேலை பார்த்தாள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. காலை ஆறரைக்கெல்லாம் பஸ் பிடிக்கப் போய்விடுவாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் கிடையாது. ஆக, பன்னிரண்டு வருஷம் தறி ஓட்டிய நான் பால் புட்டி கழுவ உட்கார்ந்தேன். அதைச் சொல்ல எனக்கு இப்போதும் கூச்சமில்லை. பிறகு நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே கிடந்தோம். ஒரே அறை, அதற்கு மேல் ஓடு. வெயில் ஏற ஏற அவள் அழுவாள், அவள் அழ அழ நான் கத்துவேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மில் கேட்டுக்குப் போனேன். தினமும் அங்கே போய் நோட்டீஸ் போர்டு பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். புதிதாக ஒன்றும் ஒட்டியிருக்க மாட்டார்கள். இருந்தாலும் போவோம். பார்த்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து பீடி குடித்துவிட்டுக் கலைவோம்.

என்னைப் பார்த்ததும் பக்கத்துத் தறிக்காரன் ஆரம்பித்துவிட்டான். "என்னாய்யா, புள்ளயத் தூக்கிட்டு வந்துட்ட? வூட்டுல சமையலும் நீதானா?"

"ஆமாய்யா. நாளைக்கு வா, ஒனக்கும் சேத்து ஆக்கிப் போடறேன்," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். கேட் ஓரம் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் அழாமல் இருந்தாள். குழந்தைக்கு வேண்டியது அவ்வளவுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பார்க்க எதையாவது காட்ட வேண்டும். வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை.

அதன்பிறகு நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் தங்கியதே இல்லை. காலையில் கடற்கரை. எங்கள் ஊர்க் கடற்கரையில் அப்போதும் மணல் கிடையாது, கரை நெடுகக் கருங்கல்தான். சுவர் மேல் அவளை நிறுத்தி, கவுனைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன். கல் இடுக்கிலிருந்து நண்டு எட்டிப் பார்க்கும். அது உள்ளே போகும்வரை இவள் மூச்சு விட மாட்டாள். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் தினமும் எங்களைக் கடந்து போவார். இவள் சல்யூட் அடிப்பாள். அவரும் பதிலுக்கு அடித்துவிட்டுத்தான் போவார்.

வெயில் ஏறினால் பெரிய மார்க்கெட். மீன் வாங்கப் போவதில்லை, மீன் பார்க்கப் போவோம். சுறாவின் வாயைத் திறந்து பல்லைக் காட்டுவாள் ஒரு மீன்காரம்மா. பூக்கடைப் பக்கம் போனால் இரண்டு கனகாம்பரத்தைப் பிய்த்து இவள் காதோரம் செருகிவிடுவார்கள். சாயங்காலம் பார்க். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த பென்ஷன்காரர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி நாலைந்து சொல்தாக்கள் மர நிழலில் இரும்புக் குண்டு வீசி விளையாடுவார்கள். ஒரு குண்டில் இன்னொன்று மோதும் சத்தத்துக்கு இவள் குதிப்பாள். ஒரு கிழவர் ஆசையாக ஒரு குண்டை இவள் கையில் கொடுத்தார். இவள் அதை அவர் கால் விரலிலேயே போட்டாள். அவர் பிரெஞ்சில் என்னவோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு கம்பி நீட்டினேன்.

தறி ஓடும் கொட்டகையில் வேலை செய்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அங்கே நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக அடிக்கும். பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் கையால்தான் பேசுவோம். கட்டை விரலை வாயருகே காட்டினால் தண்ணீர். மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். வயிற்றைத் தட்டினால் சாப்பாட்டு நேரம். பேச்சு வராத குழந்தைக்கு இதைவிட வேறென்ன பாஷை வேண்டும்? என் மகள் ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டாள். அம்மா என்று சொல்வதற்கு முன்னால் மீசை முறுக்கக் கற்றுக்கொண்டாள்.

அந்தச் சத்தத்துக்காக நாங்கள் கழிவுப் பஞ்சைச் சுருட்டிக் காதில் வைத்துக்கொள்வோம். மில் மூடிய பிறகும் ஒரு கைப்பிடிப் பஞ்சு என் சாப்பாட்டுப் பையில் கிடந்தது. அது இவளுக்கு உதவியது. பத்து மணிக்கு விழுப்புரத்திலிருந்து ரயில் வரும். கரி எஞ்சின். முதல் தடவை காட்டக் கூட்டிப்போனபோது ஊதல் சத்தத்தில் இவள் நடுங்கி, மூச்சு பிடித்து, முகம் நீலமாகிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆனாலும் மறுநாள் ரயில் வேண்டும் என்று கையை இழுத்தாள். அதனால் கொஞ்சம் பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். லெவல் கிராசிங் பக்கம் தள்ளி நின்று, தூரத்தில் புகை தெரிந்ததும் இரண்டு காதிலும் வைத்துவிடுவேன். எஞ்சின் எங்களைத் தாண்டிப் போகும்வரை கை தட்டிக்கொண்டிருப்பாள். அன்று முதல் அவளுக்கு ரயில்தான் உலகம்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது என் மனைவி வார்டில் மற்றவர் பிள்ளைகளுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வாசலில் செருப்பை விட்டதுமே "பாப்பா, அம்மா வந்துட்டேன்" என்று கையை நீட்டுவாள். பாப்பா என் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். குழந்தை வயிற்றைத் தட்டுவாள். நான் உடனே சோறு பிசைய எழுந்திருப்பேன். "என்னா கேக்குறா?" என்று என் மனைவி முழிப்பாள். நான் சிரிப்பேன்.

அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. ஆனால் அப்போது எனக்கு அது ஒரு வெற்றி. ஊரில் மதிப்பு போய்விட்டது, கையில் வேலை இல்லை, பெண்டாட்டி சம்பளத்தில் சாப்பிடுகிறேன். இந்த ஒரு ஜீவனாவது என்னை விட்டால் வேறு யாரிடமும் போகாது. அந்த நினைப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் போர்டில் பட்டியல் ஒட்டினார்கள். மில்லைத் திறக்கப் போகிறார்கள், பாதி ஆட்களை மட்டும் எடுப்பார்கள். மகளைத் தோளில் வைத்துக்கொண்டே மேலிருந்து கீழ் மூன்று தடவை படித்தேன். என் பெயர் இல்லை. பக்கத்துத் தறிக்காரன் பெயர் இருந்தது. அவன் என்னைப் பார்க்காமலே போய்விட்டான். என் மகள் மீசையை முறுக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று வீட்டுக்கு வந்ததும் பாயை விரித்துச் சுருண்டு படுத்தேன்.

அடுத்த நாள் என் மனைவிக்கு விடுமுறை. பட்டியல் பார்த்த அன்று சாயங்காலமே சொன்னாள். "நாளைக்கு எனக்கு ஆஃப். பாப்பாவ நான் வெளிய கூட்டிட்டுப் போறேன். நீங்க கொஞ்சம் படுத்து எழுந்திரிங்க. மனசு செரியில்லாம இருக்கீங்க."

நல்ல மனதோடு சொன்னாள். எனக்கோ வயிறு எரிந்தது. இதையும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளப் போகிறாள் என்று தோன்றியது.

"எங்க போனா அவளுக்குப் புடிக்கும்?" என்று கேட்டாள்.

"ரயில் பாக்கப் போ. பத்து மணிக்கு வரும்."

"கையில எதாச்சும் எடுத்துட்டுப் போவணுமா?"

சட்டை ஆணியில் தொங்கியது. அதன் பையில் பஞ்சு இருந்தது. அவள் வாய் திறந்து கேட்டாள், மறந்துபோனேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

"ஒண்ணும் வேணாம்," என்றேன்.

காலையில் குழந்தையைக் குளிப்பாட்டி, மை வைத்து, பவுடர் போட்டு, தானே தைத்த மஞ்சள் கவுனை மாட்டினாள். தானும் கோயிலுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டாள். ரயில் பார்க்கப் போக அவ்வளவு அலங்காரம். போகும்போது குழந்தை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் பாயில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். பத்து மணிக்கு எஞ்சின் ஊதியது எங்கள் தெரு வரைக்கும் கேட்டது. அப்போதுகூட எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

பதினொன்றுக்குள் வந்துவிட்டார்கள். குழந்தை விக்கி விக்கி அழுதுகொண்டு வந்தாள், கவுன் நனைந்திருந்தது. என் மனைவியின் கன்னத்தில் நகம் கீறிய கோடு, முடி அவிழ்ந்து கிடந்தது. என்னைக் கண்டதும் குழந்தை அவள் இடுப்பிலிருந்து பாய்ந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மறைத்து என்ன ஆகப் போகிறது, சந்தோஷம்தான் வந்தது.

"நல்லா தெரியட்டும்னு பிளாட்பாரத்துலயே போயி நின்னேன்," என்றாள். "எஞ்சின் கிட்ட வந்து ஊதிச்சி. அவ்ளோதான். என்னெத் தள்ளிட்டு, யாரோ ஒரு பொம்பள கிட்ட ஓடிட்டா. அந்தம்மா, நீ யாரு, இது ஒன் புள்ளதானான்னு கேட்டுச்சி." கன்னத்துக் கீறலைத் துடைத்துக்கொண்டே, "வார்டுல எத்தினி புள்ளைங்கள சமாளிக்கிறேன். எம் புள்ள எங்கிட்ட நிக்க மாட்டேங்குது," என்றாள்.

நான் சொல்லியிருக்க வேண்டியது பஞ்சு என்ற ஒரே ஒரு வார்த்தை. அதை விட்டுவிட்டு, "அவளுக்கு ஒங்கிட்ட பழக்கமில்ல, அதான்," என்றேன்.

மத்தியானம் அவள் குழாயடியில் துணி துவைக்க உட்கார்ந்தாள். என் சட்டையை நனைக்கும் முன்னால் வழக்கம்போலப் பையில் கைவிட்டுப் பார்த்தாள். பஞ்சு வந்தது. குப்பை என்று நினைத்து எறியப் போனவளிடமிருந்து குழந்தை அதைப் பிடுங்கிக்கொண்டாள். காலையில் அப்படி ஓடிய குழந்தை, இப்போது அம்மா முன்னால் நின்று பஞ்சை இரண்டாகக் கிள்ளி, ஒன்றைத் தன் காதில் திணித்துக்கொண்டு, "ரயிலு," என்றாள். இன்னொன்றை வைத்துவிடச் சொல்லி என்னிடம் ஓடி வந்து தலையைச் சாய்த்தாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் ஈயாடவில்லை. ஏதாவது கேட்பாள், கத்துவாள், சட்டையை மூஞ்சியில் எறிவாள் என்று காத்திருந்தேன். அவள் குனிந்து அந்தச் சட்டையைத் துவைத்தாள். பிழிந்து, உதறி, கொடியில் போட்டாள். ராத்திரிக்குச் சோறு போட்டாள். மறுநாள் ஆறரைக்கு வேலைக்குப் போனாள். அதன்பிறகு குழந்தையை எங்கேயும் தனியாகக் கூட்டிப்போகிறேன் என்று அவள் கேட்டதே இல்லை. விடுமுறை நாளில் எங்கள் இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு வீட்டைக் கழுவிக்கொண்டிருப்பாள்.

நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்தேன். பிறகு எனக்கு ஒரு கிடங்கில் காவல் வேலை கிடைத்தது, மகள் கன்னியர் பள்ளிக்கூடத்துக்குப் போனாள், கேட்கிற சந்தர்ப்பம் தள்ளிக்கொண்டே போயிற்று. என் மனைவியைப் போன வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் அடக்கம் செய்தோம். கடைசி வரைக்கும் நான் கேட்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு மகளும் நானும் போயிருந்தோம். மழை விட்டிருந்தது. மகள் கல்லறையைக் கழுவி, செவ்வந்திப் பூவைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். நண்டையோ இரும்புக் குண்டையோ ரயிலையோ அவளுக்குக் கொஞ்சமும் ஞாபகமில்லை. அந்த வயதில் நடந்தது யாருக்கும் நிற்காது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நானும் அக்கம்பக்கத்தாரும் சொல்லிக் கேட்டதுதான்.

"ஏம்ப்பா, அம்மாவுக்கு எம்மேல அவ்ளோ ஆசை இல்ல, இல்ல?" என்றாள், கோபமில்லாமல், மெழுகுவத்தியை நட்டுக்கொண்டே. "என்னெ எங்கயும் கூட்டிட்டுப் போனதே இல்ல. எல்லாம் நீதான்."

எத்தனையோ வருஷம் இதைக் கேட்டுக் குளிர்ந்துபோனவன் நான். அன்றைக்கு முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் கவுனை, கையில் எதாச்சும் வேண்டுமா என்று அவள் கேட்டதை, ஒன்றும் வேண்டாம் என்று நான் சொன்னதை, குழாயடியில் நடந்ததை.

காற்றில் அணைந்த மெழுகுவத்தியை மகள் மறுபடி கொளுத்தினாள்.

"சின்ன வயசுல நான் அம்மாவ இதே கேள்வி கேட்டுருக்கேன்ப்பா," என்றாள். "எல்லா அம்மாவும் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறாங்க, நீ ஏன் வர மாட்டேங்குறன்னு. அதுக்கு அம்மா என்னா சொல்லும் தெரியுமா? 'எனக்குப் புள்ளய வெளிய கூட்டிட்டுப் போவத் தெரியாதும்மா. ஒங்கப்பாவுக்குத்தான் எல்லாம் தெரியும்'னு சொல்லும்."

அவள் அழவில்லை. பூக்கூடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.