ஹால் சுவரில் ஒரு சிவப்புப் பெயர்

பொழிச்சலூரில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் கேமராவுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது ஹசீனா அக்காவின் கணவர் இக்பால் பாயின் போன் வந்தது. தலைக்கு மேலே விமானம் இறங்கிக்கொண்டிருந்ததால் முதலில் எதுவும் கேட்கவில்லை. "கொஞ்சம் இருங்க பாய், ப்ளைட் போகட்டும்" என்றேன். அவர் காத்திருந்தார். சத்தம் அடங்கியதும், "ஹசீனா போயிட்டா சரவணா" என்றார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாராம், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, இப்படிச் சொல்லாமல் போய்விட்டாரே என்று கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் தணியாமல்தான் இதை எழுதுகிறேன்.

குரோம்பேட்டையில் நானும் ஹசீனா அக்காவும் சேர்ந்து நடத்திய கடை உங்களில் பலருக்குத் தெரியும். விளக்கு, தண்ணீர் மோட்டார், கேமரா, கதவுப் பூட்டு எல்லாவற்றையும் ஹால் சுவரில் ஒரே திரைக்குள் கொண்டுவந்து தருவது எங்கள் தொழில். சுவரைக் குடைவது நான், திரையை அமைப்பது அக்கா. அந்தத் திரையின் மூலையில் அவர் வைத்த ஒரு சின்னக் கட்டத்துக்காக உங்களில் பாதிப் பேர் என்னோடு சண்டை போட்டிருக்கிறீர்கள். வீட்டில் உள்ளவர்களின் போனும் கம்ப்யூட்டரும் டிவிக்குக் கீழே இருக்கும் டிஸ்க்கில் வாரம் ஒருமுறை பேக்கப் ஆக வேண்டும், அதாவது உள்ளிருப்பதெல்லாம் நகலெடுத்து வைக்கப்பட வேண்டும். யாருடையது ஆகவில்லையோ, அவர் பெயர் அந்தக் கட்டத்தில் சிவப்பாக வந்து நிற்கும். போனைச் சார்ஜில் போட்டால் பேக்கப் தானாக ஓடும், அது முடிந்தால்தான் பச்சையாகும். வேறு வழியே வைக்கவில்லை மகராசி.

"லைட்டு போடத்தானே கேட்டோம், மாமியார் முன்னாடி என் பேரை எதுக்கு சிவப்புல போடுறீங்க?" என்று ஒரு மருமகள் கடைக்கே வந்து கத்தினார். அக்கா அசையவில்லை. "உங்க மாமியார் பேரும் போன வாரம் சிவப்புலதான் இருந்துச்சும்மா, நீங்க பார்க்கலையா?" என்றார். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு புகார் வரவில்லை.

அஸ்தினாபுரத்தில் ரிட்டயர்ட் ஆசிரியர் ஒருவர் செய்ததுதான் உச்சம். பேக்கப் எடுக்க மனமில்லை, சிவப்பைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. திருநீர்மலையில் வாங்கிவந்த பெருமாள் ஸ்டிக்கரைச் சரியாக அந்தக் கட்டத்தின் மேல் ஒட்டிவிட்டார். பெருமாளை எப்படிப் பிய்ப்பது என்று நான் முழித்துக்கொண்டு நின்றேன். அக்கா ஸ்டிக்கரைத் தொடவே இல்லை. லேப்டாப்பைத் திறந்து கட்டத்தை எதிர் மூலைக்கு நகர்த்தினார். "பெருமாள் அந்தப் பக்கம் இருக்கட்டும் சார், நான் இந்தப் பக்கம் இருந்துக்கறேன்" என்றார். ஆசிரியர் சிரித்தபடியே போனைச் சார்ஜில் போட்டார்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். முடிச்சூரில் அவர்கள் குடியிருந்தபோது வீட்டுக்குள் வெள்ளம் வந்திருக்கிறது. இறந்துபோன தம்பி பேசிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் ஒரு போனில் இருந்ததாம், அந்தப் போன் தண்ணீரோடு போய்விட்டது. வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று நான் ஆறுதல் சொல்லப் பார்த்தேன். "வெள்ளத்து மேல பழி போடாத சரவணா. நாங்க எடுத்து வைக்கல, அதான் போச்சு" என்றார். அவர் குரல் உடைந்ததை நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

தாம்பரத்தில் ஒரு பில்டர் தன் அடுக்குமாடி முழுவதற்கும் எங்களை அழைத்தார். குடிவரும் வீட்டில் சிவப்பு எழுத்து அபசகுனம், அதை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். "அப்போ வேற ஆளைப் பாருங்க சார்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார் அக்கா. அத்தனை வீட்டு வேலையும் போச்சே என்று புலம்பிக்கொண்டே பின்னால் போனேன். படிக்கட்டில் இறங்கும்போது திரும்பி, "பசிக்குது, பிரியாணி சாப்பிடலாமா?" என்றார். அவரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது!

அவர் இறந்து ஒரு வாரம் கழிந்ததும் இக்பால் பாய் மறுபடி அழைத்தார். அவர்கள் வீட்டுத் திரையில் ஹசீனா என்ற பெயர் சிவப்பாகிவிட்டது. துக்கம் கேட்க வருகிறவர்களின் கண் எல்லாம் அங்கேதான் போகிறது. பாயின் அண்ணன் காதர் பாய் என்னைக் கண்டதும் பொரிந்து தள்ளினார். "மௌத்தான பொண்ணு பேரு செவப்பா எரிஞ்சிகினு கீது, பாக்கவே பேஜாரா கீதுப்பா. மொதல்ல அத்த எடு. அது போனையும் அழிச்சிக் குடு, நம்ம தங்கச்சி பொண்ணு காலேஜுக்கு எடுத்துனு போவட்டும்."

பெயரை எடுப்பது ஒரு நிமிட வேலை. போனை அழிப்பதும் அப்படித்தான். "மாட்டேன்" என்றேன். மூத்தவரிடம் அப்படிப் பேசியது எனக்கே ஆச்சரியம். "சிவப்பா இருந்தா, இன்னும் எடுத்து வைக்காதது ஏதோ உள்ள இருக்குன்னு அர்த்தம் பாய். அதைப் பார்க்காம அழிக்க விட மாட்டேன்." இக்பால் பாய் பீரோவிலிருந்து அணைந்துகிடந்த போனை எடுத்துவந்தார். சார்ஜில் போட்டோம், அவரே ரகசிய எண்ணை அழுத்தினார். பேக்கப் ஓடி முடிந்ததும் பெயர் பச்சையானது.

அக்காவின் கடைசிச் சில நாட்கள் அதில் இருந்தன. கடையில் தீயவைத்த டீயைப் படம் எடுத்திருந்தார். கணவருக்கு அனுப்ப நினைத்து, அவரே வீடு வந்து சேர்ந்துவிட்டதால் அனுப்பாமல் விட்ட ஒரு குரல் பதிவும் இருந்தது. "என்னங்க, கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க. போன தடவை மாதிரி வாடினதை வாங்கிட்டு வந்தீங்கன்னா உள்ள விட மாட்டேன்." இக்பால் பாய் சிரித்தார், பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அங்கேதான் அழுதேன். காதர் பாய், "இன்னொரு வாட்டி போடு" என்றார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கட்டத்தைத்தான். இனி நான் மாட்டும் ஒவ்வொரு திரையிலும் அது இருக்கும். எடுக்கச் சொல்லி யாரும் போன் செய்ய வேண்டாம், எடுக்க மாட்டேன்.

இக்பால் பாய் வீட்டுத் திரையிலும் அக்காவின் பெயர் இருக்கிறது. புதிதாக எடுத்து வைக்க அந்தப் போனில் இனி ஒன்றும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். போன வெள்ளிக்கிழமை அங்கே போயிருந்தேன். தொழுகை முடிந்து வந்த காதர் பாய் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "இக்பாலு, ஹசீனா போன சார்ஜுல போட்டியா? அது பேரு செவப்பாவக் கூடாது."