பணியாரத்துக்கு மாப்பிள்ளை பார்க்க மல்லேஸ்வரம் போன கதை

எங்கள் வீட்டு லாப்ரடார் பணியாரத்துக்கு மூன்று வயது. அவள் ஒரே ஒரு முறையாவது குட்டி போட வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகத்தான் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைட்ஃபீல்டிலிருந்து மல்லேஸ்வரத்துக்கு அவளோடு போய்வந்தேன். பெங்களூருவில் நாயோடு பயணம் போகிறவர்களுக்கும், நாய்க்கு ஜோடி தேடுகிறவர்களுக்கும் இது உதவலாம்.

பணியாரத்தின் அம்மா எங்கள் அபார்ட்மென்டிலேயே பக்கத்து பிளாக்கில் இருக்கிறாள். ஐந்து வயதில் அவளுக்குக் கண் போய்விட்டது. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும் பரம்பரை நோய், மருந்து கிடையாது. முதலில் இருட்டில்தான் பார்வை குறையும். லிஃப்ட் கதவு திறந்தாலும், யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை அசையாமல் நிற்பாள்.

பணியாரத்துக்கு மரபணுப் பரிசோதனை செய்தோம். அந்த நோய்க்கான மரபணு அவளிடம் ஒன்று இருக்கிறது. அதன் மற்றொரு பிரதி நன்றாக இருப்பதால் அவள் பார்வைக்கு ஆபத்தில்லை. ஆனால் அப்பா நாயிடமும் அதே கோளாறு இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு குட்டிக்கும் கண் போக நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அன்றே முடிவு செய்துவிட்டேன்: டெஸ்ட் எடுக்காத மாப்பிள்ளை எங்களுக்கு வேண்டாம்.

மெட்ரோவில் நாயை ஏற்றமாட்டார்கள். வாடகை வண்டிக்காரர்கள் இருவர் 'லாப்ரடார்' என்று கேட்டதுமே ரத்து செய்தார்கள். மூன்றாமவர் மஞ்சுநாத், "சீட்டுல பெட்ஷீட் போட்டுக்கோங்க மேடம், நம்ம வீட்லயும் நாய் இருக்கு" என்றார். காலை ஆறரைக்குக் கிளம்பி, சுமார் இருபத்தைந்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் கடந்தோம். வாடகை தொள்ளாயிரம் ரூபாய். ஞாயிறு காலை தவிர வேறு நேரத்தில் இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

மாப்பிள்ளையின் பெயர் ப்ரூனோ. அவனை வளர்ப்பவர் விமலா ஆன்ட்டி. மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்துத் தமிழ்க் குடும்பம்; பேச்சில் கன்னடம் கலந்து வரும். பெண்ணை நேரில் பார்க்காமல் சம்பந்தம் பேசமாட்டேன் என்று அவர் சொன்னதால்தான் பணியாரமும் வந்தாள். நான் பையிலிருந்து பரிசோதனைக் குச்சியை எடுக்கும்போது ஆன்ட்டியின் முகம் மாறியது.

"எங்க பையனுக்கே டெஸ்ட்டா? நோடும்மா, எவ்ளோ ஜம்முனு இருக்கான். இவனுக்கு என்ன குறை?"

"குறை வெளிய தெரியாது ஆன்ட்டி. கன்னத்துக்கு உள்ள குச்சியால தடவி எடுக்கணும், அவ்ளோதான்."

"சரி, எடு. முதல்ல நீ கை கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வருவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. ஒரே தட்டில் நெய் மணக்க வெண்பொங்கல். ப்ரூனோவும் பணியாரமும் மூக்கோடு மூக்கு இடித்து வழித்துக்கொண்டிருந்தார்கள்.

"கை நனைச்சாச்சு, இனி சம்பந்தம் முடிஞ்ச மாதிரிதான்" என்று ஆன்ட்டி சிரித்தார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போது எடுத்தால் ப்ரூனோவின் வாயிலிருந்து பொங்கலோடு பணியாரத்தின் எச்சிலும் சேர்ந்து வரும். யாருடைய மரபணு என்று ஆய்வகம் எப்படிக் கண்டுபிடிக்கும்? வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவி, இருவரையும் தனித்தனி அறையில் விட்டு, ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றேன்.

"சும்னே எதுக்கும்மா இவ்ளோ பிடிவாதம்?"

பணியாரத்தின் அம்மா லிஃப்ட் வாசலில் நிற்பதைச் சொன்னேன். ஆன்ட்டி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஆனாலும் பழக்கம் விடுமா? அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை பிஸ்கட்டோடு வந்தார். ப்ரூனோவின் கதவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு முறையும் நானே அதைத் தின்றேன். பிறகுதான் மாதிரி எடுத்தேன்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. ப்ரூனோவிடமும் அதே மரபணு. அன்றே ஆன்ட்டிக்குப் போன் செய்து சம்பந்தம் வேண்டாம் என்றேன். அவர் சட்டென்று போனை வைத்துவிட்டார். கோபம் என்றுதான் நினைத்தேன்.

உங்களுக்கு என் யோசனை இதுதான். எந்த இனத்துக்கு எந்தப் பரம்பரை நோய் வரும் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு, டெஸ்ட் முடிவு கையில் வந்தபின் ஜோடி பாருங்கள். அதுவரை இரு நாய்களையும் சந்திக்கவிடாதீர்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரரிடம் நாய்க்கு எதுவும் போட வேண்டாம் என்று முந்தின நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஆன்ட்டி கூப்பிட்டார்.

"ப்ரூனோவோட பொண்ணு ஒண்ணு பொம்மசந்திரால இருக்கும்மா. நாலு வயசு. இருட்டினா படி இறங்க மாட்டேங்குதுன்னு அவங்க போன வருஷமே சொன்னாங்க. சோம்பேறிக் கழுதைன்னு நான் சிரிச்சேன். வர்ற ஞாயித்துக்கிழமை போய் நேர்லயே சொல்லப் போறேன். டெஸ்ட்டும் எடுக்கணும். நீயும் வரியா?"

"வரேன் ஆன்ட்டி. நாய்க்கு எதுவும் போட வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிட்டேன். நமக்கும் காபி வேண்டாம்னு சொல்லிட்டேன்."