குதிகால் படுகிற ஆழம்

எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே இரண்டு கால்களிலும் தசை இறுக்கம். பிடித்து நிற்க வைத்தால் நுனிக்காலில்தான் நிற்பாள். குதிகால் தரையில் படாது. புதுக்கோட்டையில் அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி டாக்டரம்மா போன வருடம் சொன்னார்: "வெதுவெதுன்னு இருக்குற தண்ணியில எறக்கிப் பழக்குங்க. ஒடம்புக் கனம் தெரியாது, கால் இளகும். நல்ல நீச்சல் குளமாப் பாருங்க."

எங்கள் ஊரான அரிமளத்தில் நீச்சல் குளத்துக்கு எங்கே போவது? ஊருணியில் அவளை இறக்க முடியாது, சேறு. டவுனில் நாங்கள் போய்ப் பார்த்த குளத்தில் செங்குத்தான ஏணியில் இறங்க வேண்டும். மிஞ்சியது ரிசார்ட்டுகள்தான். நானும் கணவரும் செல்போனில் படம் படமாகப் பார்த்தோம். படிக்கட்டு இருக்கிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, ஆழம் அவள் நெஞ்சளவு வருமா, மதிய வெயில் தண்ணீரில் விழுமா, இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியது. ஓர் இடத்தில் போனை எடுத்தவர், "பாப்பாவுக்கு என்ன பிரச்சனைங்க?" என்று கேட்டார். சொன்னேன். "மேனேஜர்ட்ட கேட்டுட்டுக் கூப்பிடுறேங்க" என்றார். கூப்பிடவே இல்லை.

காரைக்குடி சாலையில் ஒன்று அமைந்தது. தங்காமல் குளத்துக்கு மட்டும் வந்தால் ஆளுக்கு ஐநூறு ரூபாய். தண்ணீரில் இறங்காமல் கரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே கட்டணம். கணவருக்குச் சின்ன ஹார்டுவேர் கடை, எனக்குத் தனியார் பள்ளியில் வேலை. யோசித்துத்தான் கிளம்பினோம்.

முதல் தடவை போனபோது குளத்தில் யாரும் இல்லை. கணவர் அவளைத் தூக்கி வந்து படியில் உட்கார வைத்தார். நான் கக்கத்தில் கைகொடுத்து மெல்ல இறக்கினேன். பயத்தில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டவள், கொஞ்ச நேரத்தில் பிடியைத் தளர்த்தினாள்.

"அம்மா, அடியில வழவழன்னு இருக்கு."

எதைச் சொல்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. குனிந்து பார்த்தேன். வலது குதிகால் டைல்ஸில் பதிந்திருந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் படியில் குத்தவைத்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தடவை சனிக்கிழமை. அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் தண்ணீரில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் என் மகளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். சந்தோஷம் வந்தால் அவள் உரக்கக் கத்துவாள், கைகள் தன்னால் ஆடும், வாயோரம் எச்சில் ஒழுகும். கரையிலிருந்த அந்தப் பிள்ளைகளின் அம்மா எழுந்து வந்தார். "போதும், மேல வாங்க" என்றார். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறிப் போனார்கள்.

"ஏம்மா எல்லாரும் போறாங்க?"

"சாப்பிடப் போறாங்கடா."

"எல்லாருக்கும் ஒண்ணாவா பசிக்கும்?"

சற்று நேரத்தில் மேனேஜர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "தப்பா நெனைக்காதீங்க மேடம். கெஸ்ட்டு கொஞ்சம் சங்கடப்படுறாங்க. காலையில ஆறு மணிக்கு வந்திங்கன்னா குளம் காலியாத்தான் இருக்கும். காசுகூட வேணாம்."

"காலையில தண்ணி ஜில்லுன்னு இருக்குங்க. குளிர்ந்தா இவளுக்குக் கால் இன்னும் இழுத்துக்கும்" என்றேன். "நாங்களும் காசு குடுத்துத்தானே வந்திருக்கோம்? இவ யாரை என்ன பண்ணுனா?"

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் துண்டை எடுத்துக்கொண்டு, "வாம்மா, போவோம்" என்றார். நான் ஏறவில்லை. ஈரச் சுடிதாரோடு அவளைப் பிடித்தபடி தண்ணீருக்குள்ளேயே நின்றேன். குளத்தைச் சுத்தம் செய்யப் போவதாக ஒருவர் வந்து சொன்ன பிறகுதான் ஏறினேன்.

காரில் கணவர் சொன்னார்: "எதுக்கு அவங்ககிட்ட வாயக் குடுக்குற? நாளைக்கும் நாம இங்கிட்டுத்தான் வந்தாகணும்."

"அதுக்காக நம்ம பிள்ளைய ஒளிச்சு வைக்கச் சொல்றீங்களா?"

அவர் வண்டியை ஓட்டினார். பின் சீட்டில் மகள் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தபோது விழித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் நாங்கள் குளத்துக்குப் போகவில்லை. டாக்டரம்மா காலைத் தொட்டுப் பார்த்து, மறுபடி இறுகுகிறதே என்றார். வேறு குளங்களைத் தேடினேன். ஒன்று தூரம், இன்னொன்றில் ஏணி. கடைசியில் நானே அந்த மேனேஜருக்குப் போன் செய்தேன். புதன்கிழமை மதியங்களில் அறைகள் பெரும்பாலும் காலியாக இருக்கும், அப்போது வரலாம் என்றார். பள்ளியில் அரைநாள் சம்பளத்தை விட்டுக்கொடுத்தேன். மகளுக்கு மதிய வகுப்புகள் போயின.

கிளம்புவதற்கு முன், "இன்னைக்கு கெஸ்ட்டு இருக்காங்களா?" என்று போனில் கேட்பது எனக்கு வழக்கமாயிற்று. போன மாதம் ஒரு புதனன்று அப்படிக் கேட்டுவிட்டுத் திரும்பினால், மகள் பின்னால் சக்கர நாற்காலியில் இருக்கிறாள்.

"யாரும் இல்லாதப்பத்தான் நாம போகணுமாம்மா?"

"அப்பத்தான் ஒனக்கு எடம் நெறைய இருக்கும்."

"எனக்கு எடம் வேணாம். கூட வெளையாட ஆள் வேணும்."

அவளுக்குத் தலை சீவிவிட்டேன். அன்று குளத்தில் அவள் சத்தமே போடவில்லை. கம்பியைப் பிடித்து நின்றாள், நடந்தாள், சொன்னதையெல்லாம் செய்தாள். டாக்டரம்மாவுக்கு இப்போது திருப்தி; வீட்டுத் தரையிலும் வலது குதிகால் லேசாகப் படுகிறது.

நேற்று போன் செய்யாமலே கிளம்பினோம். ரிசார்ட் வாசலில் வெளியூர் வண்டி ஒன்று நின்றது. கணவர் என்னைப் பார்த்தார். நான் இறங்கி, பின்பக்கக் கதவைத் திறந்து, மகளைத் தூக்கினேன். அவள் குளத்துப் பக்கமிருந்து வந்த பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டு என் தோளில் துள்ள ஆரம்பித்தாள். அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குளத்தை நோக்கி நடந்தேன்.